தூர் நசுங்கல்

கதவின் உட்புறம் அவளே எழுதியிருந்தாள்,
சாக்பீஸால், கோணல் எழுத்தில்:
கட்டில் ஒன்று. ஜமக்காளம் ஒன்று.
போர்வை இரண்டு, அதில் ஒன்று கிழிசல்.
அரிக்கன் லாம்பு. பித்தளைக் குடம்.
"எண்ணித் தந்திருக்கேன், எண்ணித் தரணும்" என்றாள்
குழல்வாய்மொழி, மாடி அறைச் சாவியை நீட்டும்போது.
வாடகைச் சீட்டைவிட எனக்கு அது பிடித்திருந்தது.
படுத்துக்கொண்டே வாசிக்கலாம்.

மில் பூட்டி நாற்பத்தொரு நாள்.
விக்கிரமசிங்கபுரத்தில் சங்கு ஊதாத காலைகளில்
காக்கைகள்கூட நேரம் தெரியாமல் எழுந்தன.
முதலில் கைக்கடிகாரம் போயிற்று, என்னுடையது.
பிறகு குடை, பிறகு தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சட்டை.
என்னுடையவை தீர்ந்த இரவு
லாம்பைத் தூக்கிப் பிடித்து
கதவை மேலிருந்து கீழ் ஒருமுறை வாசித்தேன்.

குடத்தைச் சாக்கில் சுற்றி அம்பாசமுத்திரத்துக்கு நடந்தேன்.
வட்டிக்கடைப் படியில் கை நழுவிற்று.
சத்தத்துக்குத் தெருவில் போன மூன்று பெண்கள்
தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.
பன்னிரண்டு ரூபாய். ஒரு துண்டுச் சீட்டு.
திரும்பி வந்து அறை மூலையில் மண்பானையை வைத்து
ஈரிழைத் துண்டால் மூடினேன்.
மூடியபின் அதுவும் குடம்தான்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள்
கீழ்வீட்டுப் பிள்ளையின் வெள்ளி அரைஞாணைக் காணவில்லை.
ஊர் முழுக்க அய்யனாருக்கு வந்த கூட்டம்,
ஆற்றங்கரையில் ஆயிரம் கை.
ஆனாலும் மாடிப்படி ஏறித்தான் வந்தார்கள்:
அவள் புருசன் நம்பிராசன், எதிர்வீட்டுக் கருத்தப்பாண்டி,
சாட்சிக்கு ஒருவர், வேடிக்கைக்கு ஆறு பேர்.
"ஒன்றரை மாசமா வேலை கெடையாது,
சோறு எங்கேருந்துவே வருது?"
நான் எடுக்கவில்லை என்றேன்.
சத்தியமாக எடுக்கவில்லை.
ஆனால் மூலையைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியவில்லை.

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள்.
இரண்டு வேட்டி, அம்மாவின் கடிதம் மூன்று,
யூனியன் நோட்டீசு, பாதி சோப்பு.
அடியில் சீட்டு.
கருத்தப்பாண்டி வெளிச்சத்துக்குப் பிடித்து
சபைக்கு வாசிப்பதுபோல வாசித்தார்:
"பித்தளைக் குடம் ஒன்று. தூர் நசுங்கல்."
யாரோ துண்டை உருவினார்கள்.
பானை எல்லோரையும் பார்த்தது.
"குடத்தை அடகு வச்சவனுக்கு அரைஞாண் எம்மாத்திரம்"
என்றது படியில் நின்ற ஒரு குரல்.
கூட்டியது சரிதான். விடைதான் தப்பு.

குழல்வாய்மொழி சீட்டை வாங்கினாள்.
காறித் துப்புவாள் என்று நின்றேன்.
"தூர் நசுங்கலா?" என்றாள்.
"நான் தரும்போது நசுங்கலையே."

ஸ்டேஷன் வராந்தாவில் இரண்டு நாள்.
அரைஞாணைக் கேட்டபோதெல்லாம் இல்லை என்றேன், அடி விழுந்தது.
குடத்தை நானாகவே ஒத்துக்கொண்டேன்,
ஏட்டையா அதை எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் போ என்றார்கள்.
ஏனென்று சொல்லவில்லை.
சாவி என் மடியில்தான் இருந்தது.
படியேறத் திரும்பினால், கீழ்வீட்டு நடையில்
பிள்ளை தவழ்ந்து போகிறது,
இடுப்பில் வெள்ளி மணி கிணுகிணுக்க.
அழுக்குத் துணி மூட்டையிலோ, தொட்டில் மடிப்பிலோ,
எங்கே கிடைத்ததென்று யாரும் சொன்னதில்லை.
நான் கேட்டதுமில்லை.
கேட்டால் குடத்தைக் கேட்பார்கள்.

புரட்டாசியில் சங்கு ஊதிற்று.
முதல் சம்பளத்தில் மீட்டேன், வட்டியோடு பதினாலே கால்.
பஸ்ஸில் ஏறாமல் தோளில் வைத்து நடந்தேன்.
"யார் வீட்டுச் சீருவே?" என்று கேட்டார்கள்
வழியில் இரண்டு பேர்.

அவள் ஒன்றும் பேசாமல் தண்ணீர் நிரப்பினாள்.
ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தாள்.
ஒழுகவில்லை. ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.
பிரிமணையைக் காலால் தள்ளி அண்டை கொடுத்தாள்.
பிறகு
"ஆடி மாச வாடகை" என்றாள்,
கையை நீட்டாமல்.